கல்லீரல் கொழுப்பு: கிரேடு மட்டும் போதாது

மதுவையே தொடாத நமக்குக் கல்லீரல் நோயா என்று கேட்கிறோம். சர்க்கரையும் உடல் எடையும் போதும், கொழுப்பு படிந்துவிடும். ஸ்கேனில் ‘கிரேடு 1’ என்றதும் நிம்மதியாகிவிடுகிறோம். அது கொழுப்பின் அளவு மட்டுமே, தழும்பைச் சொல்லாது.

கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்ற காவல் அணுக்கள் உண்டு. கொழுப்பால் கல்லீரல் புண்படும்போது இவை கிளர்ந்து, சிடி163 என்ற புரதத்தை இரத்தத்தில் உதிர்க்கின்றன. தழும்பு முற்றியவர்களிடம் இதன் அளவு அதிகம். சாதாரண லேப்களில் இதைப் பார்ப்பதில்லை, பரவாயில்லை. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் வைத்து மருத்துவர் ‘ஃபிப்-4’ கணக்கிடுவார். 65 வயதுக்குட்பட்டவருக்கு 1.3-க்குக் கீழ் இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. கூடினால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். சர்க்கரை உள்ளவர்கள், எஸ்ஜிபிடி நார்மல் என்றாலும், இதைக் கேட்டுவிடுங்கள்.