பாடம் 14: மாமாவின் பரீட்சை

மாமா சென்னையில் விமானியாக இருந்தார். போன மாதம் சிட்னிக்குக் குடிவந்தார். தினமும் இரவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிக்கிறார்.

"மாமா, உங்களுக்குத்தான் விமானம் ஓட்டத் தெரியுமே! ஏன் படிக்கிறீங்க?"

"என் உரிமம் இந்தியாவுல வாங்கினது கண்ணு. இங்க வேலை பார்க்க 'காசா' குடுக்கிற உரிமம் வேணும்."

"காசா? பணமா?"

மாமா சிரித்தார். "இல்ல, ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு ஆணையத்தோட பேரு அது."

"வானம் ஒண்ணுதானே மாமா?"

"வானம் ஒண்ணுதான். சட்டம் நாட்டுக்கு நாடு வேற. அதனால பரீட்சை எழுதணும், உடல் பரிசோதனை செய்யணும், ஓட்டியும் காட்டணும். ஐரோப்பாவுக்குப் போயிருந்தா 13 பாடம் எழுதணும்!"

"அப்போ நீங்க பறந்ததெல்லாம் வீணா?"

"இல்ல. பெரிய விமானத்துல கேப்டன் ஆக 1500 மணி நேரம் பறந்திருக்கணும். இந்தியாவுல பறந்த நேரமும் அதுல சேரும்."

"பயமா இருக்கா?"

"கொஞ்சம். தோத்தா மறுபடி எழுதணும். அதுவரைக்கும் பறக்க முடியாதே."

நான் என் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். சனிக்கிழமை எனக்கும் தேர்வு. மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன்.

புதிய சொற்கள்
விமானி – பைலட்
உரிமம் – லைசென்ஸ்

பேச்சும் எழுத்தும்
ஒண்ணு – ஒன்று
வேணும் – வேண்டும்
தோத்தா – தோற்றால்

விடை எழுதுக
1. மாமா ஏன் மறுபடியும் படிக்கிறார்?
2. மாமாவுக்கு எது வீணாகவில்லை?
3. உங்கள் வீட்டில் யாராவது இங்கே வந்து மறுபடியும் படித்தார்களா? கேட்டு எழுதுங்கள்.