மெஸ் பாக்கியிலிருந்து தொடங்குங்கள்

ஹைதராபாத் வளாகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, வார்டன் பொறுப்பையோ மாணவர் நலப் பொறுப்பையோ ஏற்றிருக்கும் இளம் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். இந்தப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மனம் நொந்து வரும் பிள்ளைக்குப் பின்னால் பல நேரம் யாரோ ஒருவர் கையெழுத்திட வேண்டிய ஒரு காகிதம் காத்துக் கிடக்கும். ஆறுதல் சொல்லுங்கள், கூடவே அந்தக் காகிதத்தையும் தேடுங்கள்.

1. கணக்கைப் பாருங்கள். கஷ்டத்தைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லுமுன் மெஸ் பாக்கி சொல்லிவிடும். பாக்கி ஏறுகிறதா, உள்மதிப்பீட்டுத் தேர்வுகளைத் தவறவிடுகிறாரா, எல்லோரும் ஊருக்குப் போன விடுமுறையிலும் ஹாஸ்டலிலேயே கிடக்கிறாரா என்று கவனியுங்கள். மாதம் ஒருமுறை ஹாஸ்டல் அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தாலே யாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

2. உதவித்தொகை நிற்கவிடாதீர்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிர்நீத்தார். அவரும் நான்கு தோழர்களும் ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள். தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாயைக் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்று கடைசிக் கடிதத்தில் அவர் கேட்டிருந்தார். நெட் தேர்ச்சி இல்லாத ஆய்வு மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் தரப்படும் 8,000 ரூபாயிலும் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகள் உண்டு. அது ஒரு மாதம் வராவிட்டால் இரண்டு அடுப்புகள் அணைகின்றன. மாணவர் மீது என்ன விசாரணை நடந்தாலும் நடக்கட்டும், சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் வழி இருக்கிறதா என்பதை அன்றைக்கே பாருங்கள்.

3. கைடு இல்லாத மாணவரை விட்டுவைக்காதீர்கள். அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்குச் சேர்ந்தவர் சேலம் மாவட்டத்துச் செந்தில்குமார். பன்றி வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். 2008 பிப்ரவரியில் அவர் இறந்தபோது அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. பிறகு விசாரித்த குழு, துறையின் நடைமுறைகள் தெளிவில்லாமல் இருந்ததையும், அதனால் பாதிக்கப்பட்டவர்கள் தலித், பழங்குடி மாணவர்கள் என்பதையும் பதிவு செய்தது. உங்கள் துறையில் யாருக்கு இன்னும் கைடு இல்லை, ஏன் இல்லை என்று பெயர் பெயராகக் கேளுங்கள். பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கத் தனி அலுவலர் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதி வகுத்துவிட்டது. உங்கள் வளாகத்தில் அவர் யார் என்று தெரிந்து வைத்திருங்கள்.

4. அவரவர் மொழியில் பேச விடுங்கள். இங்கே தெலுங்கும் உருதுவும் தமிழும் மலையாளமும் பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். துக்கத்தை ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னால் பாதி உள்ளேயே தங்கிவிடும். உங்களுக்கு அந்த மொழி வராவிட்டால், மாணவரின் சம்மதத்தோடு தெரிந்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். “எங்கள் காலத்தில்” என்று ஆரம்பிக்காதீர்கள்.

5. ரகசியத்தைக் காப்பாற்றுங்கள். காதல், கர்ப்பம், வீட்டுச் சண்டை, மாத்திரை, எதுவானாலும் ஆசிரியர் அறைப் பேச்சாகக் கூடாது. மாணவரைக் கேட்காமல் பெற்றோருக்கு போன் போடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு ஆபத்தே வீட்டில்தான் இருக்கும்.

6. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இந்த ரகசியக் கட்டுப்பாடு பொருந்தாது. “செத்துப் போகலாம் என்று நினைக்கிறாயா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; கேட்க ஆள் இருக்கிறது என்ற தெம்புதான் வரும். தனியாக விடாதீர்கள். வளாக மருத்துவரைக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

7. எழுத்தில் கேளுங்கள். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியது. உங்கள் வளாகத்தில் இல்லையென்றால் பதிவாளருக்குக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டது அடுத்த கூட்டத்துக்குள் மறந்துபோகும்.

8. தனியாகச் சுமக்காதீர்கள். நீங்கள் மருத்துவரில்லை. ஆலோசகர், வார்டன், நிதிப் பிரிவு எழுத்தர் மூவரோடும் நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று அந்த எழுத்தருக்குத்தான் தெரியும்.

9. திரும்பக் கேளுங்கள். ஆலோசகரிடம் அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. ஒரு வாரம் கழித்துத் தேதி குறித்துக்கொண்டு, “பணம் வந்ததா, தூங்குகிறாயா, கைடு பேசினாரா?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வரும்வரை அந்தப் பெயரை உங்கள் நோட்டிலிருந்து அடிக்காதீர்கள்.