இளையோர்க்கு இளையோர் துணை

உடலுக்கு நோய் வந்தால் ஊர் அறியும்; உள்ளத்துக்கு நோய் வந்தால் உடன் உறைவோரும் அறியார். பனிக்காலத்தில் பிள்ளை இருமினால் இரவோடிரவாகக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கும் நாம், அதே பிள்ளை இரண்டு மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உண்ணாமல் உறங்காமல் இருந்தால், "இது இந்த வயதின் குணம்" என்று கூறி அமைந்துவிடுகிறோம். உள்ளத்தின் நோய்க்கும் மருந்துண்டு, மருத்துவருண்டு என்பதைப் பலர் அறிவர். அவற்றோடு துணையும் உண்டு என்பதையும், அத்துணையை நல்குவதே ஒரு பணியாக நாம் வாழும் கனடாவில் வளர்ந்து வருகிறது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்ப் பாடசாலை மலருக்கு இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவலாம். உலகில் 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வெளியான ஆய்வொன்று, இக்குறைபாடுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு 14 வயதுக்கு முன்பும், ஏறத்தாழ அரைப் பங்கு 18 வயதுக்கு முன்பும் தொடங்குவதைக் காட்டிற்று. ஆகவே இவை முதுமையைத் தேடி வருவன அல்ல. நமது வகுப்பறை வாங்குகளில் அமர்ந்திருக்கும் வயதினரையே முதலில் அணுகுவன.

தோழமைத் துணைவர் யார்?

ஆங்கிலத்தில் 'பியர் சப்போட்டர்' என வழங்கப்படும் பணியாளரை இங்கு 'தோழமைத் துணைவர்' என அழைப்போம். மனச்சோர்வு, பதகளிப்பு, உணவு சார்ந்த மனக்கோளாறு போன்ற ஒன்றினால் தாமே துன்புற்றவர்; அதிலிருந்து மீண்டவர், அல்லது அதனோடு நன்கு வாழக் கற்றவர்; அந்த அனுபவத்தைப் பயிற்சியினால் செம்மைப்படுத்தி, அதே துன்பத்தில் இருக்கும் இன்னொருவருக்குத் துணை நிற்பவர். இளையோருக்குத் துணை நிற்பவர் பெரும்பாலும் தாமும் இளையவராகவே இருப்பார்.

வைத்தியர் நோயை ஆராய்ந்து மருந்து எழுதுவார். உளவளத்துணையாளர் தாம் கற்ற முறைகளைக் கொண்டு மனச்சிக்கலை அவிழ்க்க உதவுவார். தோழமைத் துணைவர் இவ்விரண்டையும் செய்யார். ஆனால் "நானும் இவ்வழியே நடந்து வந்தேன்" என்று கூறும் உரிமை அவருக்கே உண்டு. நோயில் கிடப்பவருக்கு அச்சொல் பயன்படும் இடங்கள் பல.

பணியின் வரலாறு

இவ்வெண்ணம் புதியதன்று. 18ஆம் நூற்றாண்டில் பரிஸ் நகரின் பிசேத்ர் வைத்தியசாலையில் மனநோயாளர் பகுதியைக் கண்காணித்தவர் ழான் பத்தீஸ்த் புசேன் என்பவர். அவர் தாமே அவ்வைத்தியசாலையில் கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர். நலமடைந்த நோயாளர்களையே பணியாளராக அமர்த்தினால் அவர்கள் நோயாளரைத் துன்புறுத்தார், அன்புடன் நடத்துவர் என்பதை அவர் கண்டறிந்தார். 1793இல் அங்கு வைத்தியராக வந்த பிலிப் பினெல் இம்முறையைப் போற்றி எழுதினார்.

அமெரிக்கரான கிளிபர்ட் பியர்ஸ், மனநோயாளர் இல்லங்களில் தாம் பட்ட துன்பங்களை 1908இல் நூலாக வெளியிட்டார். அவரது துணையுடன் 1918இல் கனடாவில் மனநல இயக்கத்தைத் தொடங்கியவர் வைத்தியர் கிளாரன்ஸ் ஹிங்ஸ். ஒன்ராறியோவில் பிறந்த ஹிங்ஸ் தாமே அவ்வப்போது கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர். அன்று அவர் தொடங்கிய அமைப்பே இன்று கனடிய மனநலச் சங்கமாக விளங்குகிறது.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலம் 1999இல் அரச மருத்துவ உதவித் திட்டத்தின் வழியே இப்பணிக்கு ஊதியம் வழங்கத் தொடங்கியது. கனடாவில் 2007இல் உருவான கனடிய மனநல ஆணைக்குழு, தோழமைத் துணைப் பணிக்கும் அதன் பயிற்சிக்குமான வழிகாட்டு நெறிகளை 2013இல் வெளியிட்டது. இன்று இளையோர் நலநிலையங்களிலும், வைத்தியசாலைகளிலும், பல்கலைக்கழகங்களிலும் இவர்கள் பணி செய்கின்றனர்.

பணி செய்யும் முறை

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி. காலைதோறும் அவளுக்கு வயிற்றுவலி. குடும்ப வைத்தியர் சோதித்தார். உடலில் குறையொன்றும் இல்லை. பாடசாலையை நினைத்தாலே நெஞ்சு படபடப்பதை அவள் எவரிடமும் கூறவில்லை. இளையோர் நலநிலையத்துக்கு அனுப்பப்படுகிறாள். உளவளத்துணையாளரைச் சந்திக்கச் சில கிழமைகள் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பின்போது அவளைச் சந்திப்பவர் இருபத்து மூன்று வயதுத் தோழமைத் துணைவர் ஒருவர்.

அவர் முதல்நாளில் கேள்விகளை அடுக்குவதில்லை. "பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு நாளும் பஸ் தரிப்பிடம் வரை போய்விட்டு நான் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன்" என்று மட்டும் கூறி அமைதியாக இருக்கிறார். நீண்ட நேரத்தின் பின் மாணவி கேட்கிறாள்: "அக்கா, உங்களுக்கும் வயிறு நோகுமா?" அக்கேள்வியோடு கதவு திறக்கிறது.

இச்சிறு நிகழ்ச்சியில் பணியின் மூன்று நெறிகள் அடங்கியுள்ளன.

முதலாவது, தம் கதையை அளவறிந்து கூறுதல். துணைவர் தம் வரலாறு முழுவதையும் கொட்டவில்லை. எதிரில் இருப்பவளுக்குப் பயன்படும் அளவே கூறினார். தம் பாரத்தை இறக்கி வைப்பதற்காகக் கூறும் கதை துணையாகாது; அது கேட்பவர் தலையில் இன்னொரு சுமையாகும்.

இரண்டாவது, அறிவுரையைத் தவிர்த்தல். "அதிகாலையில் எழுந்திரு, தியானம் செய், எல்லாம் சரியாகும்" என அவர் கூறுவதில்லை. "முன்பு இப்படி இருந்தபோது எது உனக்குச் சிறிதேனும் உதவியது?" என்று கேட்பார். தமக்குப் பொருந்திய வழி பிறர்க்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் இப்பணியில் பெரும் பிழையாகும்.

மூன்றாவது, அவளுக்காகச் செய்யாது அவளோடு சேர்ந்து செய்தல். வைத்தியரிடம் கூற வேண்டியவற்றை ஒரு தாளில் அவளே எழுத அருகிருந்து உதவுவார். முதற் சந்திப்பின்போது காத்திருக்கும் அறையில் உடன் அமர்வார். ஒருநாள் ஒரு தரிப்பிடத் தூரம் பஸ்சில் உடன் செல்வார். மறுநாள் இரண்டு தரிப்பிடம். அவள் தனியே செல்லும் நாளில் அவர் விலகி நிற்பார்.

இவையெல்லாம் இயல்பாகவே எவருக்கும் வந்துவிடுவன அல்ல. செவிமடுத்தல், எல்லை வகுத்தல், இடர் அறிதல் ஆகியவற்றில் பயிற்சி வேண்டும். கல்கரி நகரில் 1980களில் தோன்றிய 'அசிஸ்ட்' என்னும் இரண்டு நாட் பயிற்சி அவற்றுள் ஒன்று. உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்பதைச் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க அது கற்பிக்கிறது. அவ்வாறு கேட்டால் இல்லாத எண்ணத்தையும் விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார்.

துணைவருக்கும் துணை வேண்டும். நீந்தத் தெரிந்தவனும் களைப்படைவான். பிறர் துன்பத்தைக் கேட்குந்தோறும் தம் பழைய புண் மீண்டும் நோகக் கூடும். ஆதலின் மேற்பார்வையாளர் ஒருவரைத் தவறாது சந்தித்தலும், வேண்டியபோது ஓய்வெடுத்தலும் பணியின் பகுதிகளாகவே கொள்ளப்படுகின்றன.

இப்பணியால் விளையும் பயனை மிகைப்படுத்துதலும் ஆகாது. தோழமைத் துணை பெற்றோரிடம் நம்பிக்கையும், தம் வாழ்வைத் தாமே நடத்தலாம் என்னும் துணிவும் ஓரளவு வளர்வதை ஆய்வுகள் காட்டுகின்றன. நோய்க்குறிகளைத் தானே குறைத்துவிடும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. ஆகவே இது மருந்துக்கு மாற்றன்று. மருந்தை நாடிச் செல்லவும், இடையில் விட்டுவிடாது தொடரவும் கைகொடுக்கும் துணையாகும்.

மறைபொருளும் எல்லையும்

தோழமைத் துணைவரிடம் கூறியவை வெளியே செல்லா. இதுவே பணியின் அடித்தளம். ஆயினும் இதற்கு விலக்கு உண்டு. கூறுபவரின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நெருங்கினால், அல்லது சிறுவர் ஒருவர் துன்புறுத்தப்படுவதாக அறிந்தால், அவர் மௌனம் காக்க மாட்டார். இவ்விலக்கை முதல்நாளிலேயே வெளிப்படையாகக் கூறிவிடுவார்.

இவ்விடத்தில் நம் அகப்பாடல்களில் வரும் தோழியை நினைவுகூரலாம். தலைவி மெலிகிறாள். தாய் அதன் காரணம் அறியாள். குறி கேட்கிறாள், வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். தோழி மட்டுமே உண்மை அறிவாள். அவள் அதைக் காத்து வருகிறாள். ஆனால் தலைவியின் வாழ்வுக்கே கேடு வரும் வேளையில் வாய் திறந்து செவிலித்தாயிடம் உரைக்கிறாள். இதற்குத் தொல்காப்பியர் காலத்திலேயே 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழியின் அத்தகைய உரையே. தலைவியின் மெலிவுக்குக் காரணம் காதல். இங்கு நாம் பேசுவது நோய். பொருள் வேறாயினும் நெறி ஒன்றே. மறைபொருளைக் காப்பது நட்பு. உயிரைக் காக்க அதை உரியவரிடம் உரைப்பது அறம். அவ்வாறு உரைத்தல் காட்டிக்கொடுத்தல் ஆகாது.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

நம்மில் பலர் 1983க்குப் பின் போரினால் இடம்பெயர்ந்து வந்தவர்கள். வீடிழந்தோம், உறவிழந்தோம். அதனால் பிள்ளை தன் துயரைக் கூற வாயெடுத்ததும், "நாங்கள் பட்டதை விடவா?" என்று நம்மை அறியாமலே கேட்டுவிடுகிறோம். நாம் பட்டது உண்மை. ஆனால் அக்கேள்வி பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. தன் துன்பம் சிறியது, கூறத் தகாதது என்று எண்ணி அது உள்ளேயே புதைத்துக் கொள்கிறது. தோழமைத் துணைவர் துன்பங்களை ஒப்பிட்டு நிறுப்பதில்லை. இப்பண்பை நாம் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

"நாளை கலியாணம் பேசும்போது இது தெரிய வந்தால்?" என்னும் அச்சமும் நம்மிடையே உண்டு. நோய் வெளியே தெரிந்தால் வரும் பேச்சு சில நாளில் அடங்கும். நோயை மறைத்து வைத்தால் வரும் இழப்பு சில வேளைகளில் மீட்க முடியாததாகிவிடும். எதை அஞ்ச வேண்டும் என்பதை நாமே தெளிந்து கொள்ள வேண்டும்.

தமிழும் இங்கு நமக்குக் கைகொடுக்கிறது. ஈழத்துப் பேச்சு வழக்கில் நோயை 'வருத்தம்' என்கிறோம். எழுத்துத் தமிழில் அதுவே துயரத்தைக் குறிக்கும். உடல்நோவையும் உளநோவையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி நம்முடையது. "என்ன பிள்ளை, என்ன வருத்தம்?" என்று அருகமர்ந்து கேட்டால் இரண்டையும் ஒருங்கே கேட்டவராவோம். கேட்டபின் விடை வரும் வரை பொறுத்திருத்தலே கடினம். அதுவே தேவையானதும் ஆகும்.

மாணவர்க்குச் சில சொற்கள்

பயிற்சி பெறாத நீங்கள் தோழமைத் துணைவர் ஆகிவிட முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் நல்ல தோழராக இருக்கலாம். நண்பர் மாறிவிட்டதைக் கண்டால் தனியே கேளுங்கள். இடைமறியாது கேளுங்கள். எள்ளி நகையாடாதீர்கள். உயிரை மாய்க்கும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், "ஒருவரிடமும் சொல்லாதே" என அவர் வேண்டினாலும், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றே கூறுங்கள். அச்சுமையை நீங்கள் தனியே சுமக்கலாகாது.

1989இல் ரொறன்ரோவில் தொடங்கப்பட்ட 'கிட்ஸ் ஹெல்ப் போன்' இளையோர்க்கெனவே இரவுபகலாக இயங்குகிறது. அதன் தொலைபேசி எண் 1-800-668-6868. குறுஞ்செய்தி அனுப்ப 686868. தற்கொலை நெருக்கடிக்கென 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் 988 என்னும் எண் இயங்கி வருகிறது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆபத்து உடனடியானது எனின் 911ஐ அழையுங்கள்.

இன்று துன்பத்தில் இருக்கும் மாணவர் ஒருவர் இதனை வாசித்துக் கொண்டிருக்கலாம். அவருக்கு நாம் கூறுவது இதுவே: இன்று உமக்குத் துணை நிற்க வருபவர் நேற்று உம் இடத்தில் இருந்தவர். நீர் கடந்து செல்லும் இப்பாதையை அறிந்த ஒருவர் நாளை இன்னொருவருக்குத் தேவைப்படுவார். அதுவரை உமக்கு நாம் இருக்கிறோம், கதவைத் தட்டுவீராக.

சிந்திக்க

1. வைத்தியர், உளவளத்துணையாளர், தோழமைத் துணைவர் ஆகியோரின் பணிகள் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. தம் கதையைக் கூறுவதிலும் அளவு வேண்டும் என்பது ஏன்?
3. 'அறத்தொடு நிற்றல்' காட்டிக்கொடுத்தலிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
4. நெஞ்சு படபடத்தல், மனம் சோர்தல் போன்று உள்ளத்தின் நிலையை உணர்த்தும் தமிழ்த் தொடர்கள் பத்தினை உங்கள் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியிடமும் கேட்டு எழுதுக.