நகர வீதிகளில் வானொலிக் கற்றை

வானொலி அலையும் ஒளியும் ஓரினத்தவை என்பதைப் பௌதிகம் பயின்றார் யாவரும் அறிவர். ஆயினும், கட்டடங்கள் நெருங்கிய நகரத்துள் அவ்வலை எவ்வழிச் செல்லும் என வினவின், விடை எளிதன்று. தடையற்ற வெளியில் தூரம் இருமடங்காயின் வலிமை நான்கில் ஒன்றாகும். வீதியிலோ அலை சுவரிற்பட்டு மீளும். கூரை விளிம்பில் வளையும். கண்ணாடியிற் சிறிது நுழையும்.

ஒகுமுரா என்னும் ஜப்பானியரும் அவர் துணைவரும் டோக்கியோ நகர்ப்புறங்களில் அளந்து 1968-ல் வெளியிட்ட வரைபடங்களை, ஹாட்டா என்பார் 1980-ல் சூத்திரங்களாக்கினார். இவை சராசரி வலிமையைக் கூறுவனவேயன்றி, அலை வந்த திசையைக் கூறுவனவல்ல. எத்திசையும் பரப்பும் ஏரியலுக்கு அது போதும். ஒரு திசையிலே குவிக்கும் ஏரியலுக்குப் போதாது.

குவிப்பது எங்ஙனம்? சிறு ஏரியல்களை அரை அலைநீள இடைவெளியில் நிறுத்தி, ஒவ்வொன்றும் தன் முன்னதினும் கால் அதிர்வு பிந்தி அதிருமாறு செய்தால், கற்றை நேர்முகத்தினின்று 30 பாகை திரும்பும். 30 பாகையின் சைன் அரை. அரையில் அரை கால். கருவி அசையவேண்டுவதில்லை. பிரவுன் என்பார் 1905-லேயே மூன்று ஏரியல்களால் இதனைச் செய்து காட்டினார். 28 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 10.7 மில்லிமீட்டர், ஆகவே 64 ஏரியல்களும் உள்ளங்கையில் அடங்கும்.

இக்கற்றை நகரிற் செல்லும் வழியை அறியக் கணினியிலே நகரத்தின் மாதிரியை அமைப்பர். சுவர் ஒவ்வொன்றையும் கண்ணாடியெனக் கொண்டு, அதன் பின்னே ஏரியலின் பிம்பத்தைக் குறிப்பர். பிம்பத்தினின்று பெறுமிடத்துக்கு வரைந்த நேர்கோடு சுவரை வெட்டுமிடமே அலை மீளுமிடம். நம் ஒளியியற் பாடமே இது. ஆனால் 100 சுவர்கள் இருப்பின், ஒருமுறை மீள்தற்கு 100 பிம்பங்கள், இருமுறைக்கு 9,900, மும்முறைக்கு 9,80,100! நல்லவேளையாக, மீளுந்தோறும் அலை மெலிவதால் சிலமுறையோடு நிறுத்தலாம். விளிம்பில் வளைவதற்குக் கெல்லர் 1962-ல் தந்த கணக்கு நிழலின் எல்லையில் முடிவிலியாய்விடும். அக்குறையை 1974-ல் கூயூம்ஜியானும் பாதக்கும் நீக்கினர்.

கற்றையைத் திருப்புந்தோறும் இவற்றை மீளக் கணக்கிடுதல் வீணுழைப்பு. வழிகள் கற்றையைப் பொறுத்தனவல்ல, நகரத்தைப் பொறுத்தன. ஒவ்வொரு வழியின் புறப்படு திசை, சேர் திசை, வலிமை, தாமதம் ஆகியவற்றை ஒருமுறை குறித்துக்கொண்டு, பின்னர் எக்கற்றைக்கும் அதற்குரிய எடையால் பெருக்கிக் கூட்டினாற் போதும்.

2012-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தார் மன்ஹாட்டன் வீதிகளில் கூம்புவாய் ஏரியல்களைத் திசைதோறும் திருப்பி 28 கிகாஹெர்ட்ஸ் அலையை அளந்தனர். நிறமூட்டிய கண்ணாடியொன்று அலையை ஏறத்தாழ 40 டெசிபல், அதாவது பதினாயிரத்தில் ஒரு பங்காக, மெலிவித்தது. அத்தகைய கண்ணாடியே வெளியே வலிதாகப் பிரதிபலித்தது. எனவே வீட்டுக்குள் வழியடைக்கும் சுவர், எதிர்த்தெருவில் நிற்பவனுக்கு வழிதருவதாகும்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மாதிரியில் ஒரு சுவர் பிழைபட்டிருப்பினும், மொத்த வலிமை அளவையோடு ஒத்துவிடக் கூடும். கற்றையோ தவறிய திசையை நோக்கும். ஆதலின் வலிமையை மட்டுமன்றித் திசையையும் அளந்து ஒப்பிடாத மாதிரியை நாம் நம்புவதற்கில்லை. மேலும், நேரே படும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 4 சென்டிமீட்டர் மேடுபள்ளமும் வழவழப்பே. 28 கிகாஹெர்ட்ஸுக்கு 1.3 மில்லிமீட்டர்தான் எல்லை. செங்கல்லின் இடைக்கோடுகளை எந்த நகரப்படம் காட்டும்? கடந்து செல்லும் பேருந்தும் அதில் இல்லை. அது கற்றையை மறைக்கும் நொடியில் மாறிச்செல்ல, இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் முன்னரே கணித்துவைக்க வேண்டியிருக்கிறது.