சாமைக்கு முதல் போடுவது யார்?

கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைகின்றன. அங்கேயே உமி நீக்கி, பொட்டலம் போட்டு விற்க நினைக்கும் மலையாளிப் பழங்குடி இளைஞருக்கு இன்று பணம் வரும் வழிகள் பல. எந்தப் பணம் தன் தொழிலுக்கு ஒத்துவரும் என்பதே கேள்வி.

தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டம் 10 லட்சம் ரூபாய் தருகிறது. ஊரக நலன் சார்ந்த, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 15 லட்சம். பதிலுக்கு 3 விழுக்காடு பங்கு. 2022-23இல் 30 கோடியோடு தொடங்கிய பட்டியலினத்தவர், பழங்குடியினர் புத்தொழில் நிதியும் பங்குக்கே பணம் போடுகிறது. தவணை, வட்டித் தொல்லை இல்லை. ஆனால் பங்கு முதலீடு வேகமான வளர்ச்சியை எதிர்பார்க்கும். ஓர் அறுவடையை நம்பி ஓடும் அரவை ஆலையால் அந்த வேகம் காட்ட முடியாது. உமி நீக்கும் எந்திரத்தையே புதிதாக வடிவமைத்துப் பல மாவட்டங்களில் விற்பவருக்கு இது பொருந்தும். மாதிரி எந்திரம் செய்ய, ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு விதை நிதித் திட்டம், புத்தொழில்களை வளர்த்தெடுக்கும் இன்குபேட்டர் வழியாக 20 லட்சம் வரை மானியம் தரவும் வகைசெய்தது.

ஆலைதான் வேண்டுமென்றால், 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் மேல். 35 விழுக்காடு முதலீட்டு மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. வட்டியில் 6 விழுக்காடு மானியம். பங்கு கைமாறாது. மீதிக்கு வங்கி இசைய வேண்டும்.

ஆனால் எந்திரம் வந்தால் போதுமா? அறுவடை நேரத்தில் சாமையை ரொக்கம் கொடுத்து வாங்கியாக வேண்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய விவசாயி, தானியத்தை அவருக்கே கொடுப்பார். அதனால் தனி ஆளாக இறங்குவதைவிட, தானியம் வைத்திருப்பவர்களே உறுப்பினராகும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உறுதியான வழி. 2020இல் தொடங்கிய ஒன்றியத் திட்டம் உறுப்பினரின் பங்குத்தொகைக்கு ஈடாகத் தலைக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை தர வகைசெய்தது. சமவெளியில் 300 உறுப்பினர், தகுதியுள்ள மலைப்பகுதியில் 100 பேர் போதும். புதிதாகப் பதியுமுன், ஒதுக்கீடு மிச்சமிருக்கிறதா என்று வேளாண் வணிகத் துறையில் கேட்டுக்கொள்வது நல்லது.

கீழே கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பிகள் நிலை வேறு. புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. ஆர்டர் வந்ததும் மரம் வாங்கக் காசு வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரல் 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது கடந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடன் வழங்குகிறது. அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். வட்டியிலும் 5 விழுக்காடு குறைகிறது. பட்டறையில் யாருக்கும் பங்கு எழுதித்தர வேண்டியதில்லை.