கப்பல் ஏறும் முன் ஓடிபி வேலையை முடித்துவிடு

நாலு நாள் கப்பல் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது வாந்தி மாத்திரை, தைலம், ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் எல்லாம் ஞாபகமாக எடுத்து வைக்கிறோம். போனை மட்டும் தினமும் இருக்கிறபடியே கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். நீ சிங்கப்பூரில் ஏறி, பினாங், புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்ப சிங்கப்பூரிலேயே இறங்கப்போகிறாய். கூட அம்மா, அப்பா, பிள்ளைகள். அதனால் போன் விஷயத்தைப் பொறுமையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள் தங்கச்சி.

நடுக்கடலில் வைஃபை கிடைக்கும், ஓடிபி கிடைக்காது. நம் ஊர் பேங்க், ஆதார், வருமான வரி எல்லாமே பெரும்பாலும் சிம்முக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை வைத்துத்தான் நம்மை உள்ளே விடுகின்றன. சிம்முக்கு டவர் வேண்டும். கரையை விட்டுத் தள்ளிப் போய்விட்டால் இருக்கிற ஒரே டவர் கப்பலின் சொந்த டவர். அதைத் தொட்டால் பில் எகிறிவிடும். ஆக, காசு கொடுத்து வாங்கின நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பேங்க் கதவு மட்டும் திறக்காது. நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்குத்தான்.

கரையில் முடிக்க வேண்டியவை

அந்த நாலு நாளில் தவணை தேதி வரும் கிரெடிட் கார்டு பில், ஸ்கூல் ஃபீஸ், இஎம்ஐ எதுவாக இருந்தாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடு. கப்பலின் இன்டர்நெட் பேக்கேஜையும் வீட்டில் இருக்கும்போதே அவர்கள் இணையதளத்தில் வாங்கிவிடு. பெரும்பாலும் உள்ளே போய் வாங்குவதைவிட விலை குறைவாக இருக்கும். ஓடிபியும் கைக்கு வரும்.

உன் ஜிமெயில் எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பியிருக்கிறதா என்று பார். அப்படி இருந்தால் ஆதென்டிகேட்டர் ஆப் ஒன்றைச் சேர்த்துவிடு. அதற்கு நெட்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். போனுக்குள் சேமித்து வைத்த ரகசிய எண்ணையும் கடிகார நேரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒரு புது எண்ணை அதுவே போட்டுத் தரும். கூகுள் கணக்கில் பேக்கப் கோடு என்று 10 எண்கள் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். அதை ஒரு தாளில் எழுதி, போன் இருக்கிற பையில் இல்லாமல் வேறு பையில் வை. போன் தொலைந்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ அந்தத் தாள்தான் உன்னை மெயிலுக்குள் கொண்டுபோய் விடும். வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க பின் வைத்துக்கொள். கப்பலில் இருக்கும்போது வாட்ஸ்அப்பை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்யும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது மறுபடியும் எஸ்எம்எஸ் கேட்டு நிற்கும்.

ஆதென்டிகேட்டரை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. புக்கெட் நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று தினமும் அறிவிப்பார்கள். அதைக் கேட்டதும் பலர் செட்டிங்ஸில் போய் கடிகார முள்ளைத் தள்ளுகிற மாதிரி மணியைக் கையால் மாற்றிவிடுகிறார்கள். ஊர் பெயர் பழையபடியே இருக்க மணி மட்டும் மாறினால், உலகப் பொது நேரமே ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டதாக போன் கணக்குப் போடும். அப்புறம் ஆதென்டிகேட்டர் தரும் எண் ஒன்றுகூடச் செல்லாது. எதனால் என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். மணியைத் தொடாதே; டைம் ஸோன் பட்டியலில் ஊரை மாற்று, போதும்.

இந்திய சிம்மைக் கழற்றாதே. பேங்க் ஆப்பும் யுபிஐ ஆப்பும் அந்த சிம்மோடு கட்டிப்போட்டவை. சிம் இல்லை என்று தெரிந்தால் புதிதாகப் பதிவு செய்யச் சொல்லும். அதற்கும் எஸ்எம்எஸ் போக வேண்டும். மூன்று நாட்டுக்கும் சேர்ந்த ஒரு இ-சிம் எடுத்துக்கொள், அதை வீட்டு வைஃபையிலேயே இன்ஸ்டால் செய்துவிடு. இந்திய சிம்மில் ரோமிங்கை ஆக்டிவேட் செய்து, டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்து வை. துறைமுகத்தில் நிற்கும்போது எஸ்எம்எஸ் வரும், டேட்டாவுக்குக் காசு போகாது.

கார்டு விஷயம். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதியால், கார்டை எங்கே எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை பேங்க் ஆப்பிலேயே நாம் ஆன், ஆஃப் செய்யலாம். வெளிநாட்டில் மெஷினில் தேய்ப்பது ஒரு சுவிட்ச், வெளிநாட்டு இணையதளத்தில் எண் போட்டு வாங்குவது வேறொரு சுவிட்ச். முதலாவதை ஒரே ஒரு கார்டுக்கு ஆன் செய். பேக்கேஜ் வாங்கி முடித்ததும் இரண்டாவதை ஆஃப் செய்துவிடு. வெளிநாட்டு இணையதளங்கள் பல ஓடிபி கேட்காமலே பணம் எடுத்துவிடும். திருடனுக்குக் கார்டு எண் கிடைத்தால் அந்த வழியாகத்தான் வருவான். கப்பலுக்குள் வாங்குகிற எதுவும் அறைக் கணக்கில் ஏறும் என்பதால் ஆன்லைன் சுவிட்ச் உனக்கு அங்கே தேவையே இல்லை.

சிங்கப்பூர் அரைவல் கார்டு, மலேசியாவின் எம்டாக், 2025 மே முதல் தாய்லாந்தின் டிடாக் என்று நாட்டுக்குள் நுழைய நிரப்பும் படிவங்கள் எல்லாம் இப்போது ஆன்லைனில்தான். கப்பல் பயணிகள் எதை எப்போது நிரப்ப வேண்டும் என்று டிக்கெட் போட்டவரிடம் கேட்டுக்கொள். மூன்றுமே இலவசம். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வந்து நிற்கிற தளங்கள் கட்டணம் கேட்கும், பாஸ்போர்ட் விவரத்தையும் வாங்கிக்கொள்ளும். அந்தந்த நாட்டு அரசுத் தளத்துக்கு மட்டும் போ. விசா, டிக்கெட், இன்ஷூரன்ஸ், அரைவல் கார்டு எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக போனில் இறக்கி வை. மெயிலில் இருக்கிறது என்று விட்டுவிட்டால் இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஃப்ளைட் மோடு

கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டியதும் பொதுவாகக் கப்பல்கள் தங்கள் டவரைப் போடுகின்றன. போன் திரையில் செல்லுலர் அட் ஸீ, டெலிநார் மாரிடைம் மாதிரிப் பெயர்கள் வரும். பெயருக்குப் பதில் 901 18, 901 12 என்று எண் மட்டும் தெரிந்தாலும் அது கப்பல் டவர்தான். சாதாரண இன்டர்நேஷனல் ரோமிங் பேக்கில் இது சேராது. பின்னணியில் ஆப்கள் தானாக இழுக்கும் டேட்டாவே போதும், பெரிய தொகை வந்துவிடும்.

கப்பல் கிளம்புகிற சங்கு ஊதினதும் வீட்டில் எல்லோர் போனையும் வாங்கி ஃப்ளைட் மோடு ஆன் செய்துவிட்டு, அதன்பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய். அப்பா போனில் தினமும் காலையில் நீயே ஒரு தடவை பார்த்துவிடு. வைஃபை கொஞ்சம் திணறினாலே ஃப்ளைட் மோடை எடுத்துப் போட்டுப் பார்ப்பது பெரியவர்கள் எல்லோருக்கும் பழக்கம். மலாக்கா ஜலசந்தி குறுகலானது. சிங்கப்பூரை விட்டுக் கிளம்பின கொஞ்ச நேரத்துக்கு இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு சிக்னல்கூட எட்டிப் பார்க்கும். சிக்னல் கோடு தெரிகிறதே என்று ஆசைப்பட்டு ஆன் செய்தால், எந்த டவரைப் பிடிக்கிறது என்பது நம் கையில் இல்லை.

எப்போது வேகமாக இருக்கும்?

பழைய முறையில் கப்பலின் நெட், பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக வரும். நீ கேட்டது மேலே போய், கீழே இறங்கி, பதில் அதேபோலத் திரும்பி வர அரை விநாடிக்கு மேல் ஆகும். வீடியோ காலில் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுவது அதனால்தான். இப்போது பல கப்பல்களில் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. ராயல் கரீபியன் தன் கப்பல்கள் எல்லாவற்றிலும் போடுவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தது. வீடியோ கால் இதில் நன்றாகவே போகும். ஆனாலும் ஆயிரக்கணக்கான பேர் பங்குபோட்டுக்கொள்கிற நெட் என்பது மாறாது. முகூர்த்த நாளில் மண்டபத்துக் குழாயைத் திறந்த மாதிரிதான், எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் யாருக்கும் சொட்டாது.

எங்கும் நிற்காமல் ஓடுகிற நாளின் மத்தியானமும், சாப்பாட்டுக்குப் பிறகான ராத்திரியும் மோசமான நேரம். துறைமுகத்தில் கூட்டம் இறங்கிப் போனபின் கப்பலில் மிச்சமிருக்கிறவர்களுக்கு நெட் பறக்கும். விடியற்காலையும் நல்ல நேரம்தான், மழை இல்லாவிட்டால். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடிகிற நேரத்தில் இடிமழை வரிசைகட்டி இந்த ஜலசந்தியைக் கடக்கும். கனமழை செயற்கைக்கோள் அலையை அடக்கிவிடும். நெட் போய்விட்டது என்று கவுன்டருக்கு ஓடாதே, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். சில நாடுகளின் கடல் எல்லைக்குள்ளும் உரிமம் இல்லாததால் கப்பல்கள் செயற்கைக்கோள் நெட்டை நிறுத்த வேண்டியிருக்கும்.

அறைக்குள் சிக்னல் தேய்ந்தால் கதவுப் பக்கம் வந்து நில். கப்பல் சுவர் இரும்பு. காரிடாரில் இருக்கிற பெட்டியிலிருந்து வரும் வைஃபை அதைத் தாண்டத் திணறும். போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், வாட்ஸ்அப் ஆட்டோ டவுன்லோடு மூன்றையும் ஆஃப் செய். பிள்ளைகளுக்கு கார்ட்டூன் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போ.

பேக்கேஜ் ஒரு போனுக்கு என்றால், ஒரு நேரத்தில் ஒரு போனுக்கு. உன் போனில் லாக் அவுட் செய்தால்தான் அம்மா போனில் ஏறும். இன்னொன்று: வைஃபை வரவில்லை என்று அந்த நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ கொடுத்துவிடாதே. இப்போதைய போன்கள் பாதுகாப்புக்காகத் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக் காட்டுபவை. திரும்பச் சேரும்போது புது எண்ணோடு போய் நின்றால், கப்பல் அதை வேறு போன் என்று எடுத்துக்கொள்ளலாம். லாகின் பக்கம் வரவில்லையென்றால் விபிஎன் ஓடுகிறதா என்று முதலில் பார். பையில் ரவுட்டர் கொண்டுபோய் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. பல நிறுவனங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன, ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பாதுகாப்பு

கப்பல் வைஃபையின் சரியான பெயரை அறையில் இருக்கும் தாளிலோ டிவியிலோ பார்த்துக்கொண்டு அதில் மட்டும் சேர். டெர்மினலிலும் துறைமுகத்திலும் ‘ஃப்ரீ’ என்று வருகிற எதிலும் சேராதே. அதே மாதிரிப் பெயரில் யார் வேண்டுமானாலும் வைஃபை போடலாம். போனில் ஆட்டோ ஜாயின் ஆஃப், ஏர்டிராப் ‘கான்டாக்ட்ஸ் ஒன்லி’, லேப்டாப்பில் ‘பப்ளிக் நெட்வொர்க்’. பிரவுசரில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று சொல்வார்கள். வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி, தளம் நல்லதா என்பதற்கு அல்ல. குரோம் 2023-இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. பேங்க் வேலை அவசரமென்றால் மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாமல் பேங்க் ஆப்பைத் திறந்து செய்.

விபிஎன் பற்றிக் கேட்பாய். ஆபீஸ் வேலைக்கு வேண்டுமென்றால் அதை அனுமதிக்கிற பேக்கேஜா என்று வாங்கும் முன் விசாரி. விலை குறைந்த பேக்கேஜ்கள் சில அதைத் தடுத்துவிடும். சும்மா பாதுகாப்புக்கு என்று இலவச விபிஎன் போடாதே. கப்பல்காரனுக்குத் தெரியக்கூடாது என்று முகம் தெரியாதவனிடம் எல்லாவற்றையும் கொடுத்த கதையாகிவிடும். கப்பலின் பொதுக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறக்கவே வேண்டாம்.

பெரிய வேலை எதுவாக இருந்தாலும் பினாங்கில் இறங்கும்வரை காத்திரு. கப்பல் நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். இ-சிம் டேட்டாவில், ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, ஓடிபியும் வருகிற இடத்தில் நிம்மதியாகச் செய்துவிடலாம்.

நான் ரொம்பவும் கவலைப்படுவது ஊரில் இருக்கிறவர்களை நினைத்துத்தான். நீ கடலில் இருக்கிறாய், போன் போகாது என்பது வெளியே தெரிந்தால், “உங்க மருமகளை சிங்கப்பூர் கஸ்டம்ஸ்ல பிடிச்சு வெச்சிருக்கோம், உடனே பணம் அனுப்புங்க” என்று உன் மாமியாருக்கு ஒரு போன் வர எவ்வளவு நேரமாகும்? பதறிப்போய் அனுப்பிவிடுவார். அதனால் கப்பலில் இருந்துகொண்டே படம் போடாதே, திரும்பி வந்து போடு. பாஸ்போர்ட்டும் கப்பல் அட்டையும் தெரிகிற படம் எப்போதுமே வேண்டாம். மாமியாரிடம் கப்பல் பெயரையும் டிராவல் ஏஜென்ட் நம்பரையும் எழுதிக் கொடு. தினமும் ராத்திரி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வரும், மழையால் ஒரு நாள் தவறினாலும் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். யார் பணம் கேட்டாலும், உன் குரலிலேயே கேட்டாலும், அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் பெரிய எழுத்தில் எழுதிவிடு.

இறங்குவதற்கு முந்தின ராத்திரியே அறைக் கணக்கைக் கப்பல் ஆப்பிலோ டிவியிலோ திறந்து பார். முன்கூட்டி வாங்கின இன்டர்நெட் இன்னொரு தடவை ஏறியிருந்தால் அப்போதே கெஸ்ட் சர்வீஸில் போய்ச் சொல். காலையில் போனால் உன்னை மாதிரியே இன்னும் நூறு பேர் அங்கே நிற்பார்கள்.