டிவி கெட்டுப்போகலை, படமே காரணம் சொல்லும்!



2006 முதல் 2011 வரை தமிழக அரசு 14 அங்குல கலர் டிவியை இலவசமாகக் கொடுத்தது. எங்கள் தெருவில் சில வீட்டுப் பரணில் அது இன்னும் தூங்குகிறது. அதை எழுப்பி ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்குத் திரையாக வைக்கலாம். அப்போது படம் சரியாக வராவிட்டால் எப்படிக் குறையைக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தப் பாடம்.

கம்ப்யூட்டருக்கு டிவியா?

இது புதுசு இல்லை. 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டரை சாதாரண டிவியிலேயே மாட்டலாம். அதன் நினைவகம் 32 கிலோபைட்.

நான் பயன்படுத்துவது ஆர்டுயினோ ஊனோ பலகை. நினைவகம் வெறும் 2,048 பைட். திரையில் குறுக்கே 120 புள்ளி, நெடுக்கே 96 புள்ளி. மொத்தம் 11,520 புள்ளிகள். 8 புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 1,440 பைட். மீதி 608 பைட்டில்தான் மற்ற வேலை எல்லாம். படத்தை அனுப்ப ‘டிவிஅவுட்’ என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது.

டிவி என்ன எதிர்பார்க்கிறது?

தூர்தர்ஷன் 1982-ல் கலர் ஒளிபரப்பு தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முறை பி.ஏ.எல். இதில் ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். பெருக்கினால் நொடிக்கு 15,625 கோடு. அதாவது ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோநொடி.

ஒவ்வொரு கோடும் தொடங்கும் முன்னால் கம்ப்யூட்டர் ஒரு சைகை தரணும். நம்ம பள்ளியில் மணி அடித்ததும் வரிசையில் நிற்கிறோமே, அந்த மாதிரி. இந்த மணிக்குப் பெயர் ஒத்திசைவுத் துடிப்பு. மின்னழுத்தம் 0 வோல்ட் என்றால் மணி, 0.3 வோல்ட் என்றால் கருப்பு, 1 வோல்ட் என்றால் வெள்ளை. எல்லாம் ஒரே மஞ்சள் ஒயரில் போகிறது!

பலகை தருவதோ 5 வோல்ட். அதைக் குறைக்க இரண்டு மின்தடை வேண்டும். (கடையில் ரெசிஸ்டர் என்று கேளுங்கள்.) மணி வரும் 9-ஆம் பின்னில் 1,000 ஓம்: பழுப்பு, கருப்பு, சிவப்பு. படம் வரும் 7-ஆம் பின்னில் 470 ஓம்: மஞ்சள், ஊதா, பழுப்பு. இரண்டின் மறுமுனைகளையும் சேர்த்து மஞ்சள் ஒயரின் நடு ஊசிக்குக் கொடுக்கணும். வெளி வளையம் பலகையின் கிரவுண்டுக்கு. டிவிக்குள் 75 ஓம் இருக்கிறது. கணக்குப் போட்டால் கருப்புக்கு 0.30, வெள்ளைக்கு 0.95 வோல்ட் வருகிறது. போதும்.

படத்தைப் பார், காரணத்தைக் கேள்

1. வெறும் நீலத் திரை: மணியே டிவிக்குப் போய்ச் சேரவில்லை. முதலில் ரிமோட்டில் ஏ.வி. வைத்திருக்கிறதா பாருங்கள். ஒயரை இரண்டு பக்கமும் கழற்றி மல்டிமீட்டர் வைத்துச் சோதியுங்கள். நடு ஊசியும் வெளி வளையமும் ஒட்டியிருந்தால் ‘பீப்’ கேட்கும், கேட்கக் கூடாது. செட்டாப் பாக்ஸோடு வரும் மூன்று தலை ஒயர் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சிலதில் மஞ்சளில் படம் வராது, சிவப்பில்தான் வரும்.

2. நீலம் போய் ஆடாத கருப்பு: இது நல்ல செய்தி! மணி வந்துவிட்டது, படம் வரவில்லை. 470 ஓம் இருக்கும் 7-ஆம் பின்னைப் பாருங்கள்.

3. படம் மேலேயோ கீழேயோ ஓடுகிறது: மாதிரி நிரல் சிலது அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் எழுதியது. அது நொடிக்கு 60 தடவை திரையை வரையும், நம்ம முறையில் 50 தடவைதான். சில பழைய டிவிகள் அதை ஏற்காது. நிரலில் அந்த நாலு எழுத்தை எடுத்துவிட்டு பி.ஏ.எல். என்று போட்டால் நின்றுவிடும்.

4. படம் சாய்ந்து கிழிகிறது: மணி பலவீனம். 1,000 ஓம் கால் தளர்ந்திருக்கும், அல்லது கிரவுண்டு ஒயர் விட்டுப்போயிருக்கும்.

5. படம் மங்கல்: இரண்டு மின்தடையும் இடம் மாறியிருக்கலாம். அப்போது கருப்பே 0.65 வோல்ட் ஆகிவிடும். கருப்புக்கும் வெள்ளைக்கும் 0.3 வோல்ட்தான் வித்தியாசம், அதனால் வெளிச்சம் குறையும்.

6. அகலமான பட்டை மெதுவாக நகர்கிறது: வீட்டுக் கரண்டும் 50 ஹெர்ட்ஸ், டிவியும் நொடிக்கு 50 தடவை. அதனால்தான் பட்டை வேகமாக ஓடாமல் ஊர்ந்து போகிறது. சார்ஜரை எடுத்துவிட்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பட்டை மறைந்தால் குறை சார்ஜர் பக்கம்.

7. கலர் இல்லை: இது குறையே இல்லை. இந்த நிரல் கருப்பு வெள்ளை மட்டும்தான் அனுப்பும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

எச்சரிக்கை! டிவியின் பின்மூடியை மட்டும் கழற்றவே கூடாது. பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். மேலே சொன்ன சோதனை எதற்கும் டிவியைத் திறக்கத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

எங்கள் அத்தை வீட்டு டிவியில் என் படம் ஓடியபோது, “டியூப் போயிடுச்சு, எடைக்குப் போட்டுடுங்க” என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினோம். இப்போது அதே டிவியில் அத்தை பையன் வாய்ப்பாடு பார்க்கிறான்.

நம்ம சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். இரும்பை உருக்கி மறுபடி கம்பியாக்கலாம். ஆனால் பிக்சர் டியூப் கண்ணாடி அப்படி இல்லை. அதில் ஈயம் கலந்திருக்கிறது. உடைத்துக் கொட்டினால் நம்ம மண்ணுக்கும் தண்ணிக்கும்தான் கேடு. அதனால் நல்ல டிவியைக் கெட்டது என்று சொல்லும் முன்னால், ஒரு மஞ்சள் ஒயரையும் இரண்டு மின்தடையையும் சோதித்துப் பாருங்கள். நிஜமாகவே கெட்டிருந்தால் உடைக்காமல் முழுசாக மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

சிந்திக்க: என்.டி.எஸ்.சி. முறையில் 525 கோடு, நொடிக்குச் சுமார் 30 படம். ஒரு கோட்டுக்கு எத்தனை மைக்ரோநொடி? விடை அடுத்த இதழில்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி